சாயங்காலக் கை

அவள் எந்தப் பொருளையும் காலையில் வாங்க மாட்டாள். செருப்பு என்றால் நாள் முழுக்க நின்று கால் வீங்கின பிறகுதான் கடைக்குப் போவாள். வளையல் என்றால் துணி துவைத்துக் கை ஊறிப் பருத்திருக்கும்போது போட்டுப் பார்ப்பாள். பூக்காரம்மாவிடம்கூட காலைப் பூவை வாங்கியது கிடையாது. "இப்ப எல்லாப் பூவும் நல்லாத்தான் இருக்கும். நாலு மணிக்கு எப்படி இருக்குன்னு காட்டு, வாங்குறேன்" என்பாள். அந்தம்மா அவளைக் கண்டாலே கூடையைத் துணி போட்டு மூடிவிடும்.

எனக்கு அவள் சொந்தமெல்லாம் கிடையாது. ராஜபாளையத்தில் மில்களுக்குக் காற்றுக் குழாய் செய்கிற பட்டறையில் என்னோடு வேலை பார்த்தவள். என்னைவிட இரண்டு வயது மூத்தவள். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள், அவள் பத்தாவது பரீட்சைக்குப் போகாதவள். கான்சாபுரத்திலிருந்து பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூரில் மாறுவாள். என் வீடு ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே இருப்பதால் பஸ் ஸ்டாண்டில் எனக்காக நிற்பாள். நான் பிந்தினால் வந்த பஸ்ஸையெல்லாம் விட்டுவிட்டு, என்னைத் திட்டிக்கொண்டே நிற்பாள். ஆனால் நிற்பாள்.

நூல் மில்லுக்குள் காற்று ஈரமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நூல் அறுந்துபோகும். அந்த ஈரக் காற்றைக் கொண்டுபோகிற பெரிய தகரக் குழாய்கள்தான் எங்கள் பட்டறை வேலை. ஆண்கள் தகரத்தை வெட்டி வளைப்பார்கள். நாங்கள் இரண்டு பேரும் ரிவிட் அடிப்போம். அடிப்பது என்று பேர்தான், சுத்தியல் கிடையாது. ஆணி கோத்த சின்ன ரிவிட்டைத் துளையில் நுழைத்து, கை ரிவிட் கன்னால் ஆணியைக் கவ்வி, கைப்பிடியை அமுக்க வேண்டும். பின்பக்கம் ரிவிட் புடைத்து இரண்டு தகரத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். ஆணி டக்கென்று அறுந்து கையோடு வரும். நாள் முழுக்க இதுதான். சாயங்காலம் பஸ்ஸில் கம்பியைப் பிடித்தால், இறங்கும்போது என் விரல் திறக்காது. அவள்தான் ஒவ்வொரு விரலாகப் பிரித்துவிடுவாள், ஏதோ என் கை அவளுடையது மாதிரி.

முதலாளியை அண்ணாச்சி என்போம். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். பதற்றம் வந்தால் எங்களிடமும் தெலுங்குதான். பட்டறைக்குப் பின்னால் இருந்த பழைய பஞ்சுக் கிட்டங்கியில் அவர் ஒரு விமானம் கட்டிக்கொண்டிருந்தார். விளையாட்டுச் சாமான் இல்லை. இரண்டு பேர் உட்கார்ந்து பறக்கிறது. வரைபடம் விலைக்கு வாங்கி, அலுமினியத் தகடு வரவழைத்து, ஞாயிற்றுக்கிழமைகளில் தானே வெட்டி, தானே வளைத்துக்கொண்டிருந்தார். கட்டி முடித்தால் சுவரை இடித்துத்தான் வெளியே எடுக்கணும் என்று பட்டறையில் பேசிச் சிரிப்பார்கள். அவர் காதிலும் விழும். "இடிச்சாப் போச்சு, என் சுவருதான" என்பார்.

ரிவிட் வேலை வந்தபோது அவர் கை ஒன்று போதவில்லை. எங்களைக் கூப்பிட்டார். காற்றில் ஓடுகிற கன் பட்டறையில் இருந்தது. வால் பகுதிக்கு அது வேண்டாம் என்று அவரே சொன்னார். அங்கே தகடு ரொம்ப மெல்லிசு, கையால் அமுக்கினால்தான் இரண்டு தகடும் சேர்ந்ததா இல்லையா என்று கைக்குத் தெரியுமாம். எங்கள் பழைய கைக் கன்கள் பல் தேய்ந்து கிடந்தன. புதிதாக ஒன்று வாங்க வேண்டும். அமுக்கப்போவது நீங்கள், பிடித்துப் பார்த்து நீங்களே வாங்கி வாருங்கள் என்று எங்களை ஸ்ரீவில்லிபுத்தூரில் அவருக்குத் தெரிந்த கடைக்கு அனுப்பினார். ராஜபாளையத்திலேயே கடைகள் உண்டு. ஆனால் வாங்கின சாமானைத் திருப்பிக் கொண்டுபோய் மாற்றுகிறவள் என்று அவளை அங்கே எல்லாருக்கும் தெரியும்.

அரை நாள் லீவு கொடுத்து, காலையிலேயே போகச் சொன்னார். நான் பையைத் தூக்கிவிட்டேன். அவள் நகரவில்லை. "இப்பப் போனா எல்லாக் கன்னும் லேசாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு, ஒரு குழாயை இழுத்துப்போட்டு ரிவிட் அடிக்க உட்கார்ந்துவிட்டாள். கிடைத்த லீவை இப்படிக் கெடுத்தவளை நான் அன்றைக்கு எப்படியெல்லாம் திட்டினேன் என்று எழுத முடியாது. அவள் சிரித்துக்கொண்டே அமுக்கினாள். நானும் வேறு வழியில்லாமல் உட்கார்ந்தேன்.

சாயங்காலம் கடைக்குப் போனபோது எங்கள் இரண்டு பேர் கையும் மரத்திருந்தது. கடைக்காரர் நான்கு கன்களை மேஜையில் வரிசையாக வைத்தார்.

முதலாவது நீளமான இரண்டு கைப்பிடி உள்ளது. இரண்டு கையாலும் மூட வேண்டும், ஒரே அமுக்கில் ஆணி அறுந்துவிடும். எனக்கு அதுதான் பிடித்தது. அவள் ஒருமுறை அமுக்கிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தாள். ரெண்டு கையும் இதுக்கே போயிட்டா தகட்ட யாரு பிடிப்பா, நீங்க வாரீயளா என்று கடைக்காரரைக் கேட்டாள்.

இரண்டாவது, கடையின் மடக்குக் கதவு மாதிரி பெருக்கல் குறி பெருக்கல் குறியாக விரிந்து சுருங்குவது. ஒரு தள்ளில் நேராக இழுத்தது. அவள் முகம் மலர்ந்தது. பிறகு ஒரு காலி அட்டைப் பெட்டியைக் கேட்டு வாங்கி, அதன் உள்மூலையில் கன்னின் மூக்கை வைத்துப் பார்த்தாள். உடம்பு இடித்துக்கொண்டு மூக்கு மூலைக்குப் போகவில்லை. வால் சிறகில் அதைவிடக் குறுகலான மூலைகள் உண்டு. அதையும் வைத்துவிட்டாள்.

மூன்றாவது ஒரு கையால் பிடிப்பது. எல்லாப் பட்டறையிலும் இருக்கிற மாதிரிதான். கைப்பிடி முழுசாகத் திறந்தால் எங்கள் நடுவிரல்தான் எட்டியது, மோதிர விரல் காற்றில் நின்றது. "ஆம்பளைக் கைக்குச் செஞ்சது" என்றாள். நான்காவது அதே மாதிரி, ஆனால் கைப்பிடி கொஞ்சம்தான் விரியும். ஒரு ரிவிட்டுக்கு மூன்று தடவை அமுக்க வேண்டும். அதை எடுத்துக்கொண்டு அவள் ஸ்டூலில் உட்கார்ந்து, வெறும் கன்னைத் திறந்து மூடித் திறந்து மூடிக்கொண்டே இருந்தாள். கடைக்காரர் இரண்டு ஆளுக்கு வியாபாரம் முடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"எம்மா, நீ சாமான் வாங்க வந்தியா, என் கடையில வேலைக்குச் சேர வந்தியா?"

"செத்த நேரம் பொறுங்க. கை இன்னும் நல்லாத்தான் இருக்கு. கை செத்த பொறவும் இது மூடுதான்னு பாக்கணும்."

மூடியது. வாங்கினோம். அடுத்த நாள் அண்ணாச்சி அதைப் பார்த்துவிட்டு முகம் சுளித்தார். ஒரு அமுக்கில் முடிகிறதை மூன்று தடவை அமுக்கினால் எந்தக் காலத்தில் முடிப்பது என்றார். "மூணு தடவையும் நான்தான அமுக்கப் போறேன்" என்றாள் அவள். அவர் அதன் மூக்கைக் கழற்றிக்கொண்டு லேத்துக்குப் போனார். ரிவிட்டின் தலை தட்டையாக இருந்தால் விளிம்பு தூக்கிக்கொள்ளும் என்று, மூக்கில் சின்னக் குழி கடைந்து கொண்டுவந்தார். அந்தக் குழிக்குள் தலை கும்மாச்சியாக, கவிழ்த்த கிண்ணம் மாதிரி வளைந்து தகட்டோடு ஒட்டிக்கொள்ளும். நேராகப் பிடித்தால்தான் ஒட்டும். கை சாய்ந்தால் ஒரு பக்கம் மயிரிழை இடைவெளி விழும். கண்ணுக்குத் தெரியாது.

பொருள் மட்டும் இல்லை, ஆட்களையும் அவள் இப்படித்தான் பார்த்தாள். வ. புதுப்பட்டியிலிருந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை அரிசி ஆலையில் வேலை. இஸ்திரி போட்ட சட்டை, புதுச் செருப்பு. காபியைக் கொடுத்துவிட்டு உள்ளே வந்தவள், வாசலுக்குக் கேட்கிற மாதிரியே அவள் அம்மாவிடம் சொன்னாள்: "இப்ப எல்லாரும் நல்லாத்தான் சிரிப்பாவ. அவிய வேலை முடிஞ்சு பசியோட ஒரு சாயங்காலம் வரட்டும். அப்பப் பாக்குறேன்." பெரியவர்கள் எழுந்துவிட்டார்கள். அவள் அம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

அந்தப் பையன் வந்தான் என்பதுதான் ஆச்சரியம். தலையெல்லாம் தவிட்டுத் தூசியோடு, ஒரு வேலை நாள் சாயங்காலம் தனியாக வந்தான். தண்ணீர் கேட்டான், குடித்தான், நாற்காலியில் சாய்ந்தான், அப்படியே தூங்கிவிட்டான். இவள் ஃபேனை அவன் பக்கம் திருப்பிவிட்டு, அவன் எழுந்திருக்கிற வரைக்கும் வாசலில் யாரையும் சத்தம் போட விடவில்லையாம். அடுத்த நாள் பஸ்ஸில் என்னிடம் சொன்னாள்: "நல்லவன்தான் ஏட்டி. ஆனா நானும் அசந்து அவனும் அசந்து கிடந்தா யாரு ஒல வைக்கிறது." நான் சிரித்துச் சிரித்து கண்டக்டர் திரும்பிப் பார்த்தார். அவள் சிரிக்கவில்லை. வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டாள். பிறகு கொஞ்ச நாள், அரிசி மூட்டை ஏற்றின லாரி போனால் தலையை வெளியே நீட்டிப் பார்ப்பாள்.

அவளோடு இருப்பது லேசு இல்லை. சண்டை போட வேண்டிய விஷயம் ஏதாவது இருந்தால் காலையில் வாயே திறக்க மாட்டாள். திரும்பி வரும்போது, நான் கண்ணைத் திறக்க முடியாமல் இருக்கும்போது ஆரம்பிப்பாள். ஒருநாள் அப்படித்தான், என் ரிவிட் எல்லாம் சாய்ந்திருக்கிறது, நான் வேலையில் மனசு வைப்பதில்லை என்று தொடங்கினாள். எனக்கு எங்கிருந்து வந்ததோ, உனக்கு ஒருத்தரும் ஆகாது, ஒருநாள் தனியாத்தான் நிப்ப என்று சொல்லிவிட்டேன். அவள் கோபப்படுவாள் என்று பார்த்தேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "காலையில இதச் சொல்லியிருந்தா நம்பியிருக்க மாட்டேன்" என்றாள். மறுநாள் பஸ் ஸ்டாண்டில் வழக்கம்போல நின்றுகொண்டிருந்தாள். அதைப் பற்றிப் பேசவே இல்லை. அவள் அதை மன்னித்தாளா, உண்மை என்று எடுத்துக்கொண்டாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

ஐப்பசி மழையில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்கு வந்தாள். வால் சிறகில் கடைசி வரிசை பாக்கி. அண்ணாச்சி சத்திரப்பட்டியில் ஒரு மில்லுக்குப் போயிருந்தார். அவள் கழுத்தைத் தொட்டுப் பார்த்தேன், கொதித்தது. கன்னை என்னிடம் கொடுத்துவிட்டு உட்காரச் சொன்னேன்.

"உன் கை சாயும். இந்த வரிசை மட்டும்தான். முடிச்சிட்டுப் படுத்துக்கிறேன்."

ஒவ்வொரு ரிவிட்டுக்கும் மூன்று அமுக்கு. பாதி வரிசைக்கு மேல் அவள் இரண்டு கையாலும் பிடித்து அமுக்கினாள். நான் தகட்டைப் பிடித்துக்கொண்டேன். முடித்ததும் கன்னைத் துடைத்து அதன் பெட்டியில் வைத்தாள். பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து வந்தாள். அன்று சண்டைக்கு ஒன்றும் எடுக்கவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள், அங்கிருந்து மதுரைக்குக் கொண்டுபோனார்கள். ரத்தத்தில் அணு குறைந்துவிட்டது என்றார்கள். எனக்குப் போன் வந்தபோது பட்டறையில் குழாய்க்குள் தலையை விட்டு ரிவிட் அடித்துக்கொண்டிருந்தேன். வெளியே வந்து மறுபடியும் உள்ளே போனேன். என்ன செய்கிறேன் என்று தெரியாமல் அந்தக் குழாயை முடித்தேன்.

அதற்குப் பிறகு எனக்கு ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. சாப்பிடும்போது எழுந்து நடப்பேன். பஸ்ஸில் சீட் கிடைத்தாலும் நிற்பேன். கை சும்மா இருக்காது, எதையாவது திறந்து மூடிக்கொண்டே இருக்கும், ஒன்றும் இல்லாவிட்டால் வெறும் விரலை. அம்மா மந்திரிக்கக் கூட்டிப்போனாள். திருநீறு போடும்போதும் என் கை அமுக்கிக்கொண்டிருந்தது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து கொஞ்ச நாளில், அவள் அம்மா பட்டறைக்கு வர வேண்டும் என்றார். நான்தான் பஸ்ஸில் கூட்டி வந்தேன். எம்புள்ள பிளேன் செய்யுறேன் பிளேன் செய்யுறேன்னு சொல்லுவா, நான் நம்புனதே இல்ல என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். கிட்டங்கிக்குள் அந்த வெள்ளைத் தகட்டுச் சிறகுகளைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். இதில் எது அவள் செய்தது என்று கேட்டார். பாதிக்கு மேல் அவள் செய்ததுதான். நான் கடைசி வரிசையைக் காட்டினேன், இதுதான் கடைசியாகச் செய்தது என்று.

அவர் உள்ளங்கையை அந்த வரிசை மேல் வைத்து, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை மெதுவாகத் தடவினார். பிறகு புறங்கையால் ஒருமுறை. காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியில் வைத்துப் பார்ப்பது மாதிரி.

"இது மேல போகுமாய்யா?" என்று அண்ணாச்சியைக் கேட்டார்.

"போகும்மா."

"அவ அடிச்சது கழண்டுறாதே?"

அண்ணாச்சி டீ வாங்கிவரச் சொல்லி யாரையோ கூப்பிட்டார். அந்தம்மா அதைக் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன்.

அவள் அம்மா போன பிறகு அண்ணாச்சி ஒரு மெல்லிய எஃகுத் தகட்டை என்னிடம் கொடுத்தார். ரிவிட் தலைக்கு அடியில் இடைவெளி இருக்கிறதா என்று பார்க்க அதைத்தான் செருகுவோம். கடைசி வரிசையின் பின்பாதியைக் காட்டினார். ஒரு தலைக்கு அடியில் வைத்தேன், நுழைந்தது. பக்கத்தில் வைத்தேன், அதிலும் நுழைந்தது. கை சாய்ந்திருக்கிறது.

"இதுகள ட்ரில் போட்டு எடுத்துட்டுப் புதுசா போடணும்" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு.

எடுக்கக் கூடாது என்றேன். நடுவில் நடுவில் இன்னொரு ரிவிட் சேர்த்துப் போட்டுவிடலாம், பழையது பாட்டுக்கு இருக்கட்டும் என்றேன். நெருக்கி நெருக்கித் துளை போட்டால் தகடு அந்த வரிசையிலேயே கிழியும் என்றார். அவள் அம்மா தடவிவிட்டுப் போயிருக்கிறார், அதைப் போய் எடுப்பதா என்று கத்தினேன். "ஆகம்மா, ஆகு" என்று பொறுக்கச் சொல்லித் தெலுங்குக்குப் போய்விட்டார். பிறகு தமிழில் சொன்னார்: "குழாய்னா விட்றலாம், காத்துதான போகுது. இதுல நான் உக்காருவேன். இன்னொரு சீட்டும் இருக்கு." அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. வால் சிறகின் மேல் ஒரு வேட்டியைப் போட்டு மூடினார். நீ சொல்லாமல் நான் தொட மாட்டேன் என்றார்.

நான் கிட்டங்கிப் பக்கம் போவதை நிறுத்தினேன். தகரக் குழாய் வேலை மட்டும் பார்த்தேன். அண்ணாச்சியும் மற்ற வேலையைப் பார்த்தார், வால் இல்லாமல் விமானம் அப்படியே நின்றது. ஒரு மனுஷர் இத்தனை வருஷம் கட்டினதை நான் பிடித்து வைத்திருக்கிறேன் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் வாய் வரவில்லை. அவள் கை பட்டு நடந்த கடைசி வேலை உலகத்தில் அது ஒன்றுதான். அதையும் ட்ரில் போட்டு எடுத்துவிட்டால் எனக்கு என்ன இருக்கிறது என்று, பஸ்ஸில் நின்றுகொண்டு, யாரிடமோ கேட்பது மாதிரி எனக்குள் கேட்டுக்கொண்டே வருவேன்.

ஒருநாள் வேலை முடிகிற நேரத்தில் என் கை நன்றாக மரத்திருந்தது. கிட்டங்கிக்குப் போய் வேட்டியை எடுத்தேன். எஃகுத் தகட்டை வைத்துக்கொண்டு அவள் போட்ட முதல் வரிசையிலிருந்து பார்த்தேன். எதிலும் நுழையவில்லை. அத்தனை மாசம், அத்தனை சாயங்காலம், ஒன்றுகூட சாயவில்லை. கடைசி வரிசைக்கு வந்தேன். முன்பாதி சரி. அப்புறம் ஒன்றில் முனை மட்டும் ஏறியது. அடுத்ததில் கொஞ்சம் கூட. அதற்கடுத்ததில் இன்னும். அவளுக்கு எந்த இடத்தில் கை விட்டது என்று அப்படியே தெரிந்தது. நான் பக்கத்தில்தான் நின்றேன், தகட்டைப் பிடித்துக்கொண்டு. அவள் முகத்தில் எனக்கு அது தெரியவில்லை.

இதை நல்ல வேலை என்று அவள் அம்மாவிடம் நான் எப்படிச் சொல்வேன். கழண்டுறாதே என்று அவர் கேட்டதற்கு இன்னும் ஒருவரும் பதில் சொல்லவில்லை.

அண்ணாச்சியைக் கூப்பிட்டேன். ட்ரில்லை நானே எடுத்தேன். தலையின் நடுவில் வைத்து மெதுவாக இறக்க வேண்டும். துளை பெரிதாகிவிடக் கூடாது. தலை பெயர்ந்து ட்ரில் முனையில் மோதிரம் மாதிரி சுற்றும். பின்பக்கத்துத் துண்டு சிறகுக்குள் விழும். ஒவ்வொன்றும் விழுகிற சத்தம் கேட்டது. அண்ணாச்சி விளக்கைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

எல்லாம் எடுத்த பிறகு, உள்ளே விழுந்த துண்டுகளை வெளியே எடுக்க வேண்டும். பறக்கிற சாமானுக்குள் ஒரு தூசிகூடத் தளர்ந்து கிடக்கக் கூடாது. சிறகின் நுனி இன்னும் மூடாமல் திறந்திருந்தது. இரண்டு பேரும் தூக்கிச் சாய்த்தோம். துண்டுகள் சலசலவென்று ஓடிவந்து ஒவ்வொன்றாக அவர் விரித்த துணியில் விழுந்தன. சின்னது, மிளகு மாதிரி. அவர் அதையெல்லாம் கூட்டி உள்ளங்கையில் எடுத்துக்கொண்டு என்னிடம் நீட்டினார்.

"வச்சுக்கோம்மா" என்றார்.

நான் சிறகில் காதை வைத்திருந்தேன். லேசாக அசைத்தேன். உள்ளே எங்கேயோ மூலையில் கிலுக்கென்று கேட்டது.

"இன்னும் ஒண்ணு உள்ள கிடக்கு அண்ணாச்சி" என்றேன். "கையில இருக்கிறத வச்சிட்டு இந்தப் பக்கம் பிடிங்க. சாய்ப்போம்."